பங்களா வான்கோழியும் கூரையைத் தொடாத சுவரும்

"சுவர் சரியில்லை" என்றார் ஹென்ரிக்.

அத்தோடு அவர் முகம் கணினித் திரையில் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹாட்வெயர் கடையின் மேல்மாடிதான் அப்போது எங்கள் அலுவலகம். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் திரும்பி எங்கள் அறைச் சுவரைப் பார்த்தான். தயாளினியும் பார்த்தாள். ஈரம் ஊறி, பூஞ்சணம் பிடித்து, அது வழக்கம்போலத்தான் இருந்தது.

"இந்தச் சுவர இல்லப்பா. கேம்ல உள்ள சுவர சொல்றாரு" என்றேன்.

போன வாரம் இதே பத்தியில் நாங்கள் மூவரும் வீடியோ கேம் செய்யக் கிளம்பிய கதையை எழுதியதும், ஒரு வாசகர் "அம்மா, உங்களுக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கிடைத்திருந்தது ஐயா. டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உறைந்த முகங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டீபன் நிரல் எழுதுவான். தயாளினி படம் வரைவாள். கதை எழுதுவதும், வெளிநாட்டுக்காரரோடு வாய் கொடுப்பதும் என் பொறுப்பு.

துரைக்கும் மேலே

ஹென்ரிக் எங்கள் வெளியீட்டாளரின் ஆள். வருஷத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு வடக்கு நாட்டில் அவர்கள் அலுவலகம். நல்ல மனிதர். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். எங்களுக்குப் பயமே அந்த மரியாதைதான்.

தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஸ்டீபனின் அம்மாவுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரைதான் பெரிய ஆள். ஒரு தடவை கேட்டார்.

"பப்ளிஷர்னா யாருப்பா? தொரையா?"

"தொரை இல்லம்மா. கேம நாங்க செய்வோம். அவுங்க செலவுக்குக் குடுப்பாங்க, விளம்பரம் செய்வாங்க, விப்பாங்க. நடுவுல அப்பப்ப வாங்கிப் பாத்து, இது நொட்டை அது நொட்டைன்னு சொல்லுவாங்க."

"அப்ப தொரைக்கு மேல" என்று முடித்துவிட்டார் அம்மா.

அதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அதுவரை செய்த விளையாட்டை நாங்கள் அனுப்ப வேண்டும். வேறொரு நாட்டில் இருக்கும் சோதனையாளர்கள் அதை விளையாடிப் பார்த்துக் குறை எழுதுவார்கள். ஹென்ரிக் தலையாட்டினால் வேலை தொடரும். ஆட்டாவிட்டால் அதோடு சரி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு நிற்பது போலத்தான். தராசு அவர்கள் கையில்.

நாங்களும் சாதாரண ஆட்கள் இல்லை. தயாளினி இறம்பொடைக்காரி. ராகுகாலத்தில் எதையும் அனுப்ப விடமாட்டாள். எல்லாம் தயாராகி, பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருக்கும்போது, காலண்டரைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஸ்டீபன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். முதலில் சிரித்தான். ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்காமல் அனுப்பி, கோப்பு பாதியில் அறுந்துபோனதிலிருந்து அவனே காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

தாமதத்துக்கெல்லாம் மின்வெட்டைத்தான் நான் காரணம் சொல்லிவந்தேன். "உங்கள் ஊரில் மின்வெட்டு கிழமைக்கு ஒரு நேரம் என்று மாறுமா?" என்று ஹென்ரிக் ஒருநாள் மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்வது?

வான்கோழி

எங்கள் விளையாட்டின் கதை நிஜத்தில் நடந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஸ்டீபன் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அக்கரப்பத்தனையில் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை, நீங்களாக ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தோட்டத்துத் துரை, கிறிஸ்மஸுக்கு என்று பங்களாவில் ஒரு வான்கோழி வளர்த்தார். அது ரோட்டில் போகிறவர்களை எல்லாம் துரத்திக் கொத்தும். கணக்கப்பிள்ளையையே கொத்தியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் அதைக் காணோம்.

அன்று காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லோரையும் நிற்க வைத்துத் துரை கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. காவல்காரரான வாட்சரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் வீடு வீடாகத் தேடினார்கள். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விடிந்தால் தீபாவளி இல்லையா, கொதிக்கத்தானே செய்யும்.

கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை. யார் என்று துரைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆளுக்கு வேலையும் போயிருக்கும், குடியிருக்கிற காம்பராவும் போயிருக்கும்.

இதைத்தான் நாங்கள் துப்பறியும் விளையாட்டாகச் செய்தோம். நீங்கள் துரைக்கு உதவியாகப் புதிதாக வந்த சின்னத்துரை. காம்பரா காம்பராவாகப் போய் விசாரித்து, வான்கோழியை எடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நிஜப் பெயரைப் போட முடியாது என்பதால், வாட்சரைத் திருடனாக்கிவிட்டோம். பாத்திரங்களின் குரல்கள் எல்லாம் அந்த லயத்து ஆட்களுடையதுதான். பக்கத்துக் காம்பரா புஷ்பம் அக்கா, வையச் சொன்னதும் யாரையும் நினைக்காமலே மூச்சுவிடாமல் வைது கொடுத்தார்.

நிஜத்தில் நடந்தது என்று சொன்னதும் வெளியீட்டாளருக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. விளம்பரப் பிரிவிலிருந்து வான்கோழி பொம்மை செய்து விற்கலாமா என்று கேட்டார்கள். வயது வரம்பு தீர்மானிக்கிறவர்கள், விளையாட்டில் விலங்கு துன்புறுத்தப்படுகிறதா என்று கேட்டார்கள். விலங்குதான் மனிதரைத் துன்புறுத்துகிறது என்று பதில் எழுதினேன்.

கேக்கத்தானே செய்யும்?

இப்போது சுவருக்கு வருகிறேன்.

முகம் உருகி மறுபடி அசைந்ததும் ஹென்ரிக் விளக்கினார். எட்டு மணி நேரம் ஓட வேண்டிய விளையாட்டைச் சோதனையாளர்கள் கால் மணிக்குள் முடித்துவிட்டார்களாம். எப்படி? முதல் காம்பராவுக்குள் போய்ச் சும்மா நின்றார்களாம். அடுத்த காம்பராவில் பேசுவது கேட்டதாம். அதற்கு அடுத்ததில் பேசுவதும் கேட்டதாம். கோடிக் காம்பராவில் வாட்சர் தன் பெண்சாதியிடம் "சத்தம் போடாம சாப்புடு" என்று சொன்னது வரைக்கும் கேட்டதாம். விளையாட்டு முடிந்தது.

"ஒலி சுவரைத் தாண்டிப் போகிறது. இது பெரிய பிழை" என்றார் ஹென்ரிக்.

"கேக்கத்தானே செய்யும்?" என்றான் ஸ்டீபன் என்னிடம். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை.

லயத்தில் பிறந்தவன் அவன். அங்கே நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே "தண்ணி குடிங்க" என்பார்கள். சுவர் சத்தத்தை மறைக்கும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. தயாளினியும் இருந்ததை இருந்தபடி, கூரையைத் தொடாமல்தான் சுவரை வரைந்திருந்தாள். நானும் கதையை எழுதியபோது யோசிக்கவில்லை. உலகத்திலேயே துப்புத் துலக்கத் தேவையில்லாத ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கே துப்பறியும் கதையை வைத்திருக்கிறோம். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை.

"அடுத்த முறை ரகசியம் ரகசியமாக இருக்க வேண்டும்" என்றார் ஹென்ரிக். "இல்லையென்றால், மிகவும் வருத்தத்தோடு, நாங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்."

மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். தயாளினிக்குக் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி வேலை காத்திருந்தது. ஸ்டீபனைக் கத்தாருக்கு அனுப்ப அவன் மாமா ஒற்றைக்காலில் நின்றார். நான் டியூஷனுக்குத் திரும்பிவிடுவேன். யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஈரச் சுவர் அறையில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவது நின்றுவிடும். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

சாவு விழுந்த லயம்

ஸ்டீபன் சுவரைக் கூரை வரை உயர்த்தினான். ஒரு காம்பராவில் பேசினால் அடுத்ததில் ஒரு சத்தமும் வராது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே போய், புஷ்பம் அக்காவிடம் மடிக்கணினியைக் கொடுத்தோம்.

அவர் சின்னத்துரையாக முதல் காம்பராவுக்குள் நுழைந்தார். நின்றார். காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னா தம்பி, சத்தத்தையே காணோம்?"

"அப்புடித்தாங்க்கா இப்ப."

"பக்கத்து வீட்டுல ஆளு இல்லியா?"

"இருக்காங்க. உங்களுக்குக் கேக்காது."

"இருந்தா எப்புடிப்பா கேக்காம இருக்கும்?" அவர் முகம் மாறிவிட்டது. "பிள்ளைகூட அழுவல. யாராச்சும் செத்துட்டாங்களா?"

அதற்குள் முன் திண்ணையான இஸ்தோப்பில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். சாவு வீடென்றாலும் ஒப்பாரி கேட்க வேண்டுமே, அதையும் காணோமே என்றார் ஒருவர். புஷ்பம் அக்கா வான்கோழியை மறந்துவிட்டு, ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டி, உள்ளே ஆள் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். கடைசிக் காம்பராவில் வாட்சரைக் கண்டதும் "அப்பாடா, இவரும் இருக்காரு" என்று பெருமூச்சு விட்டார். திருடனைக் கண்டுபிடித்ததாக விளையாட்டு அவருக்கு வாழ்த்துச் சொன்னது. அவர் கவனிக்கவே இல்லை.

நடந்ததை அப்படியே ஹென்ரிக்குக்கு எழுதினேன். எங்கள் சோதனையில், விளையாடியவர்கள் எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிட்டதாக நம்பினார்கள் என்று.

மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. "நான் நேரில் வருகிறேன்."

மாலையும் பேச்சுவார்த்தையும்

ஹென்ரிக் திரையில் தெரிந்ததைவிட இரண்டு மடங்கு உயரம். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும், குளிரில் நடுங்குவார் என்று நாங்கள் வாங்கி வைத்திருந்த தொப்பியைக் கொடுத்தோம். அவர் அரைக்கைச் சட்டையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைத் தயாளினியே போட்டுக்கொண்டாள்.

லயத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். குனிந்து வாங்கினார். நெற்றியில் பொட்டு வைத்தார்கள். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று ஸ்டீபனின் அம்மா பெருமைப்பட்டார்.

பிறகு ஸ்டீபன் வீட்டுக்குள் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் அன்பானவர்கள். ஆனால் விளையாட்டு நடக்காது. சத்தம் வந்தால் ரகசியம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் லயமே இல்லை. நிறுத்திவிடலாம்.

ஸ்டீபனின் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"நிப்பாட்டப் போறாராம்" என்று முணுமுணுத்தேன்.

"எதுக்குங்க டீச்சர் நிப்பாட்டணும்?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புஷ்பம் அக்காவின் குரல் வந்தது.

"யாரு, வெள்ளக்காரரா நிப்பாட்டுறாரு?" என்றது அதற்கும் அடுத்த காம்பரா.

ஹென்ரிக் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சுவர் முடிகிற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து தகரம் வரை இருந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் சந்தனம் வந்துவிட்டார். செய்தி கோடி வரைக்கும் போய், அவரை அழைத்துக்கொண்டு திரும்பியிருந்தது. தோட்டத்தில் எந்த வேலையை நிறுத்தினாலும் தலைவர் வந்து பேசுவார். இதுவும் வேலை நிறுத்தம்தானே என்று வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஹென்ரிக்குக்கு எதிரே நாற்காலியைப் போட்டார்.

"சொல்லுங்க டீச்சர் அவருகிட்ட. புள்ளைங்க ராப்பகலா பாடுபட்ட வேலை. பேச்சுவார்த்தை இல்லாம நிப்பாட்ட முடியாது. அப்புடி நிப்பாட்டுறதுன்னா நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்கு யாரும் போவ மாட்டோம்."

மொழிபெயர்த்தேன். தன்னால் ஒரு தோட்டமே வேலை நிறுத்தம் செய்யப்போகிறது என்று கேட்டதும் ஹென்ரிக் வெளிறிப்போனார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இங்கே எல்லோருக்கும் எல்லாம் கேட்கும் என்றால், வான்கோழியை எடுத்தது யார் என்றும் எல்லோருக்கும் தெரியுமா?"

தமிழில் சொன்னேன்.

லயம் அப்படியே அடங்கிவிட்டது. இருமல் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. ஸ்டீபன் நிரலில் செய்த அமைதியே தோற்றுப்போகும்.

"வான்கோழியா?" என்றார் தலைவர். "அப்புடின்னா என்னங்க?"

ஹென்ரிக் எழுந்து இஸ்தோப்புக்கு வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். புலி தூக்கிவிட்டது என்றார் ஒருவர். பறந்துபோனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். அது கிறிஸ்மஸுக்குப் பயந்து தானாகவே நல்லதண்ணிப் பக்கம் போய்விட்டதாகவும், சிவனொளிபாத மலையில் அதைப் பார்த்தவர்கள் இருப்பதாகவும் புஷ்பம் அக்கா சொன்னார். தலைவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டபடி, நீளமாகப் பட்டை பட்டையாக இருந்த ஓர் இறகால் காது குடைந்துகொண்டிருந்தார்.

ஹென்ரிக் அந்த இறகையே பார்த்தார்.

"காக்கா எறகுங்க" என்றார் தலைவர்.

தெரியாதுங்க

ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஹென்ரிக் எங்கள் மூவரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"வாட்சர் இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையான ஆள் யார்? அது தெரிந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைக்கும். சொல்லுங்கள், இப்போதே ஒப்புதல் கொடுக்கிறேன்."

ரயில் வந்துகொண்டிருந்தது. நான் தயாளினியைப் பார்த்தேன். அவள் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். ஸ்டீபன் தண்டவாளத்தைப் பார்த்தான். ஒரு பெயர். அதைச் சொன்னால் கத்தாரும் இல்லை, கொழும்பும் இல்லை. ஆனால் சொன்னால் அது விளையாட்டில் வரும், விளையாட்டு உலகமெல்லாம் போகும், துரை கையிலும் ஒரு போன் இருக்கிறது.

"தெரியாது சார்" என்றேன்.

"தெரியாது" என்றாள் தயாளினி.

"எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்" என்றான் ஸ்டீபன்.

ஹென்ரிக் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாலையோடு ரயிலேறிப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். தயாளினி கொழும்புக்குச் சரியென்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தன் பென்சில்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஸ்டீபன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்தான். அதில் அழுதவன் போல இருந்தான். நான் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த கிழமை மின்னஞ்சல் வந்தது.

"சுவரைப் பழையபடி இறக்குங்கள்" என்று எழுதியிருந்தார் ஹென்ரிக். "எல்லோருக்கும் எல்லாம் கேட்கட்டும். விளையாடுகிறவர் சின்னத்துரை வேண்டாம், லயத்து ஆள். திருடனை அவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். சின்னத்துரை வந்து கேட்பார். கடைசி வரைக்கும் சொல்லக்கூடாது. இதுதான் விளையாட்டு. ஒப்புதல் அளித்துவிட்டேன். ரயிலில்தான் எனக்குப் புரிந்தது: அன்று எனக்காக நீங்கள் ஏற்பாடு செய்த நடிப்பு அபாரம். இவ்வளவு நன்றாக ஒத்திகை பார்த்த குழுவை நான் கண்டதில்லை. அந்த இறகு யாருடைய யோசனை?"

தயாளினி பென்சில்களை எல்லாம் திரும்பவும் மேசையில் கொட்டினாள். மூன்று பேரும் அப்போதே பஸ் பிடித்து லயத்துக்கு ஓடினோம்.

தலைவர் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்று, விளையாட்டு நிற்கவில்லை, ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். தலைவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இல்லைங்க தலைவரே. எல்லாரும் நடிச்சோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு."

தலைவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியாதாம்!"

"தெரியாதாம்!" என்றது அடுத்த காம்பரா. புஷ்பம் அக்கா அதற்கு அடுத்ததற்குச் சொன்னார். அப்படியே கோடி வரைக்கும் போயிற்று. பின்னாலேயே சிரிப்பு கிளம்பி, ஒவ்வொரு காம்பராவாகத் தொற்றிக்கொண்டே எங்களிடம் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து அழுதும்விட்டேன்.

எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு காம்பராவில் மட்டும் சிரிப்பு நிற்கவில்லை. இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அது யார் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.